பித்தளைச் சொம்பும் ஒன்பது சாம்பல் கட்டங்களும்

எண்ணெய் வண்ணத்தில் நான் வரைந்த பித்தளைச் சொம்பு ஒருவழியாகப் பித்தளையாகத் தெரிந்த பலகையில், மஞ்சள் என்று துணிந்து சொல்லத்தக்க வண்ணம் ஓர் உள்ளங்கையளவுகூட இல்லை. முந்தைய பலகைகளில் மஞ்சள் தாராளமாகவே இருந்தது. சொம்போ பிளாஸ்டிக் பாத்திரத்துக்குப் பொன்வண்ணம் அடித்ததுபோல நின்றது. இரண்டுக்கும் இடையில் நான் திருத்திக்கொண்டது வண்ணத்தை அன்று, டோனை. ஒரு வண்ணம் எவ்வளவு வெளிச்சமாகவோ இருட்டாகவோ இருக்கிறது என்பதுதான் டோன். அது மஞ்சளா நீலமா என்பது அந்தக் கணக்கில் சேராது. சொல்ல இவ்வளவுதான். கண்ணைப் பழக்குவதற்குத்தான் விளக்கு, அட்டை, பலகை, கண்ணாடி என்று வீட்டில் ஒரு மூலையே போயிற்று. செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் முதலில் கற்றது தஞ்சாவூர்ப் பலகை ஓவியம். அங்கே கோடுதான் தலைமை. கோட்டுக்குள் வண்ணம் தட்டையாக நிரம்பும். கன்னத்துக்கும் கைக்கும் ஓரத்தில் அதே வண்ணத்தைச் சற்று அழுத்திக் கொடுத்து உருட்டுவோம். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை, தரையில் நிழல் விழுவதுமில்லை. தங்கம் வேண்டுமென்றால் சுண்ணாம்புப் பசையான மக்கு வைத்து, தங்கத்தாளையே ஒட்டிவிடுகிறோம். அது தன்னளவில் நிறைவான முறை. அதில் குறை காண நான் யார். ஆனால் அந்தப் பழக்கத்தோடு எண்ணெய் வண்ணத்துக்கு வந்தவனுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. பொருளைப் பார்த்தவுடன் அதன் பெயரும் வண்ணத்தின் பெயரும் மனத்தில் வந்துவிடுகின்றன, கை அந்தப் பெயருள்ள டியூபை எடுத்துவிடுகிறது. வேட்டி என்றால் வெள்ளை, சொம்பு என்றால் மஞ்சள், வெற்றிலை என்றால் பச்சை. தங்கத்தாள் இல்லாமல் உலோகத்தைக் காட்ட வேண்டிய இடத்தில் இந்தப் பெயர்கள் எதுவும் உதவுவதில்லை.

முதல் வேலை வெளிச்சத்தை நிலைநிறுத்துவது. ஐரோப்பியப் பாடநூல்கள் எல்லாம் வடக்குச் சன்னலைச் சிபாரிசு செய்கின்றன. அங்கே சூரியன் நண்பகலில் ஆண்டு முழுதும் தெற்கே நிற்பதால், வடக்குச் சன்னலில் வானத்தின் வெளிச்சம் மட்டும் சீராக வரும். நம் ஊருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. கும்பகோணம் ஏறத்தாழ 11 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்டு நான்காம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே இருக்கிறது. அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக என் வடக்குச் சன்னலுக்குள்ளேயே விழுகிறது. மார்கழியில் வேறு விதமான தொல்லை: வெயில் தெற்கிலிருந்து போய் எதிர்வீட்டுச் சுவரில் மோதித் திரும்புகிறது, அந்தச் சுவருக்கு ரோஸ் டிஸ்டம்பர் அடித்திருக்கிறார்கள். வேட்டியின் வெளிச்சப் பக்கம் ரோஸாக மாறியது எதனால் என்று புரிவதற்குச் சற்று நேரம் பிடித்தது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் ஏறி இறங்கும்போது ஒரு டோனைக் கலந்து முடிப்பதற்குள் எதிரே இருப்பது மாறிவிடுகிறது.

எனவே சன்னலைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு, 5000 கெல்வின் (ஒளியின் சாயலைச் சொல்லும் எண்), சி.ஆர்.ஐ. (வண்ணங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்த எல்.இ.டி. பல்பு இரண்டு வாங்கினேன். ஒன்று பொருள்களின் மேல் இடப்பக்கத்திலிருந்து, மேசைக்கு மூன்றடி உயரத்தில்; மற்றொன்று வரையும் பலகைக்கும், வண்ணம் கலக்கும் தட்டான பேலட்டுக்கும். இங்கேதான் பெரும்பாலோர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. பலகையின் மேல் விழும் வெளிச்சம் பொருளின் மேல் விழுவதைவிட அதிகமாக இருந்தால், கலக்கும் ஒவ்வொரு டோனும் தேவைக்கு மேல் இருட்டாகிவிடும். அந்த அறையில் சரியாகத் தெரிந்த ஓவியம் கூடத்தில் மாட்டியதும் கரிக்கட்டையாகிவிடும். என் தொடக்ககாலப் பலகைகளுக்கு நேர்ந்தது அதுதான். இப்போது புகைப்படக்காரர்கள் வெளிச்சம் அளக்கப் பயன்படுத்தும் சாம்பல் அட்டையான கிரே கார்டு ஒன்றைப் பொருளின் பக்கத்திலும், அதன் பாதியை வெட்டிப் பலகையின் பக்கத்திலும் வைத்து, இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் செல்பேசியில் படமெடுத்து, இரண்டு சாம்பலும் ஒன்றாகத் தெரியும்வரை பல்பின் தூரத்தை மாற்றுகிறேன். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும் என்பதால், பல்பைக் கையளவு நகர்த்தினாலே வேறுபாடு நன்றாகத் தெரிகிறது.

அடுத்தது டோன் அளவுகோல். அமெரிக்க ஓவிய ஆசிரியரான ஆல்பர்ட் மன்செல் 1905இல் வெளியிட்ட முறையில் முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 10. வண்ணக்குழம்பால் அந்த இரண்டு முனைகளையும் தொட முடியாது. நம் கைக்கு எட்டுவது 1 முதல் 9 வரை என்று வைத்துக்கொள்ளலாம். கறுப்புக்கு ஐவரி பிளாக், வெள்ளைக்கு டைட்டானியம் ஒயிட். இவை இரண்டை மட்டும் கலந்தால் சாம்பல் நீலம் பூத்தது. ஒவ்வொரு கலவையிலும் கடுகளவு ரா அம்பர் என்ற பழுப்பைச் சேர்த்ததும் அந்த நீலம் அடங்கியது.

படிகளைப் பங்குக் கணக்கில் கலக்கத்தான் முதலில் முயன்றேன்: ஒரு பங்கு கறுப்புக்கு எட்டுப் பங்கு வெள்ளை, இரண்டுக்கு ஏழு என்று. அது வேலைக்கு ஆகாது. கறுப்பைச் சமமாகக் கூட்டிக்கொண்டே போனால் வெள்ளைப் பக்கத்தில் படிகள் தாவித்தாவி இறங்குகின்றன, கறுப்புப் பக்கத்தில் அசைவதே தெரிவதில்லை. கண் பார்க்கும் நடுவும் அளவையின் நடுவும் வேறு வேறு. தன்மேல் விழும் ஒளியில் 18 சதவீதத்தை மட்டும் திருப்பியனுப்பும் கிரே கார்டுதான் நம் கண்ணுக்குக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நட்டநடுவாகத் தெரிகிறது. ஆகவே கார்டைப் பக்கத்தில் வைத்து முதலில் 5ஐக் கலந்தேன். பிறகு 5க்கும் 9க்கும் நடுவில் 7, 5க்கும் 1க்கும் நடுவில் 3, அதன்பின் மீதியை இடைவெளிகளில் நிரப்பினேன். இந்த வரிசையில் போனால் பிழை ஒரு படிக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு முனையிலிருந்து தொடங்கினால் மறுமுனையில் போய்க் குவிகிறது.

ஒவ்வொரு கட்டத்தையும் ஒன்றரை அங்குலச் சதுரமாக, ஒரே நீண்ட ஹார்ட்போர்டு பட்டையில், கட்டங்களுக்கு இடையில் வெள்ளைக் கோடு விடாமல் ஒட்டி ஒட்டிப் பூசினேன். இடையில் வெள்ளைக் கோடு விட்டால் பக்கத்துப் படிகளை ஒப்பிட முடியாது. ஒட்டிப் பூசியதில் ஒரு வேடிக்கையும் தெரிந்தது: சீராக ஒரே வண்ணம் பூசிய கட்டம், இருட்டான அண்டைக் கட்டத்தை ஒட்டிய ஓரத்தில் வெளிறியும் மறு ஓரத்தில் கறுத்தும் தெரிகிறது. பாரிஸின் கோபலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவை நடத்திய செவ்ரல் என்ற வேதியியலாளர், கறுப்பு நூல் சரியாகச் சாயமேறவில்லை என்ற புகாரை ஆராயப் போய், குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்தில் ஓடும் நூலின் வண்ணத்தில்தான் இருக்கிறது என்று கண்டு 1839இல் நூலாகவே எழுதினார். திருபுவனத்துத் தறிக்காரர்களிடம் கேட்டால் கரையையும் உடலையும் சேர்த்தே வண்ணம் பார்க்க வேண்டும் என்பார்கள், அதே விஷயம்தான்.

முதல் பட்டை அலமாரியில் உலரும்போது அடைமழை பிடித்துக்கொண்டது. காற்றோட்டமில்லாத இடத்தில் வைத்ததால் வெளிறிய கட்டங்களின் மேல் பூஞ்சை படர்ந்தது. இருட்டுக் கட்டங்களில் வேறொன்று: 1, 2, 3 மூன்றும் எண்ணெயை அடிப்பூச்சுக்குள் இழந்து, பளபளப்பற்று, சாம்பல் பூத்து, ஒரு படி வெளிச்சமாகத் தெரிந்தன. ஈரத்தில் சரியாக இருந்த அளவுகோல் காய்ந்தபின் பொய் சொல்லியது. இதற்கு மருந்து எளியது: காய்ந்த பரப்பில் லின்சீட் ஆயிலை (ஆளிவிதை எண்ணெய்) ஒரு துளி விட்டு, துணியால் தேய்த்து, மிச்சத்தை ஒற்றி எடுத்துவிட்டால் பழைய ஆழம் திரும்பிவிடுகிறது. இரண்டாவது பட்டையை மாசியில் செய்தேன். நன்றாகக் காய்ந்தபின் வார்னிஷ் பூசி, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் மின்துளைப்பானால் கால் அங்குலத் துளை போட்டேன். துளையின் வழியாகப் பொருளைப் பார்த்து, சுற்றியிருக்கும் சாம்பலோடு பொருத்தும்போது, துளை கண்ணுக்கு மறைந்துபோகும் கட்டம் எதுவோ அதுவே அந்த இடத்தின் டோன். அளவுகோலின் மேல் விழும் வெளிச்சமும் பொருளின் மேல் விழும் வெளிச்சமும் ஒன்றாக இருக்கும்வரைதான் இது செல்லும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

வண்ணத்துக்குப் போகுமுன் ஒரு மண்சட்டிக்கு வெள்ளை பிரைமர் இரண்டு பூச்சு அடித்து, வெள்ளை வேட்டியின் மேல் வைத்து, சாம்பலில் மட்டும் வரைந்தேன். வண்ணப் பெயர் எதுவும் குறுக்கே வராததால் இந்தப் பயிற்சி எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். வெள்ளை என்ற சொல்லே போதுமான தடையாக இருந்தது. சட்டியின் நிழல்பக்கத்தை 7 என்று பூசியிருந்தேன். துளையின் வழியே பார்த்தால் 4. வேட்டியில் விழுந்த நிழல் 3க்கும் 4க்கும் இடையில். நிழலுக்குள் உற்றுப் பார்க்கும்போது கண் அந்த இருட்டுக்குப் பழகி, அங்கே இருக்கும் மடிப்பு, கறை, தையல் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது. காட்டுவதாலேயே அந்த இடம் வெளிச்சமாக இருப்பதுபோல நமக்குத் தோன்றுகிறது. ஆகவே ஒரே இடத்தைப் பார்த்து டோனை முடிவு செய்யக் கூடாது. கண்ணை முக்கால்வாசி மூடி, நிழலையும் வெளிச்சத்தையும் ஒருசேரப் பார்வைக்குள் வைத்து, எது எதைவிட எவ்வளவு இருட்டு என்று கேட்க வேண்டும். மூடிய கண்ணில் மடிப்புகள் மறைந்து இரண்டு மூன்று பெரிய திட்டுகள் மட்டுமே மிஞ்சினால், வரைய வேண்டியவை அவைதாம்.

பிறகு வண்ணப் பொருள்கள். ஒரு கத்தரிக்காய், கவுளியிலிருந்து எடுத்த இரண்டு வெற்றிலை, முற்றத்துச் செம்பருத்தி ஒன்று. சிவப்புக் கண்ணாடித்தாள் வழியாகப் பார்த்தால் வண்ணம் மறைந்து டோன் மட்டும் தெரியும் என்று எங்கோ படித்ததை நம்பி, பரிசுப்பொருள் சுற்றும் தாளை வாங்கிவந்து கண்ணில் பிடித்தேன். செம்பருத்தி ஏறத்தாழ வெள்ளையாகவும், வெற்றிலை கறுப்பாகவும் தெரிந்தன. சிவப்புத் தாள் சிவப்பொளியை விட்டுவிட்டுப் பச்சையைத் தடுக்கிறது, அவ்வளவுதான். இந்த இரண்டு பொருள்களுக்கும் அதைவிடத் தவறான கருவி இருக்க முடியாது. உண்மையில் செம்பருத்தியும் கொழுந்து வெற்றிலையும் டோனில் அடுத்தடுத்த படிகளில்தான் இருந்தன. சிவப்பு தன் தீவிரத்தால் தன்னை வெளிச்சம் என்று காட்டிக்கொள்கிறது.

செல்பேசியின் கறுப்பு வெள்ளைப் படம் சற்று மேல், ஆனால் நிபந்தனையோடு. கேமரா ஒவ்வொரு படத்துக்கும் தானே வெளிச்ச அளவை மாற்றிக்கொள்வதால், பொருளைத் தனியாகவும் ஓவியத்தைத் தனியாகவும் எடுத்து ஒப்பிட்டால் விடை தவறும். திரையில் விரலை அழுத்தி வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டு, டோன் பட்டையும் பொருளும் ஓவியமும் ஒரே படத்தில் வரும்படி எடுத்தால் பயன்படுகிறது. அதைவிட நான் அதிகம் நம்புவது அணைத்துவைத்த செல்பேசியின் கறுத்த திரையைத்தான். அதைக் கண்ணாடியாகப் பிடித்து, தோளுக்குப் பின்னால் இருக்கும் பொருளையும் ஓவியத்தையும் பக்கம்பக்கமாகப் பிரதிபலிப்பில் பார்த்தால், இரண்டும் இடவலம் மாறி, மங்கி, நுணுக்கம் குறைந்து வருகின்றன. எந்தத் திட்டு தன் இடத்தை விட்டு முன்னே துருத்துகிறது என்பது உடனே தெரிந்துவிடுகிறது. செலவில்லாத கருவி.

கலந்த வண்ணத்தைப் பொருத்திப் பார்க்க பேலட் கத்தியின் நுனியில் எடுத்துப் பொருளுக்கு நேரே நீட்டுவது வழக்கம். ஈர வண்ணத்தில் பல்பின் ஒளி பட்டு மினுங்கினால் டோன் இரண்டு படி ஏறித் தெரியும். மினுக்கம் மறையும்வரை கத்தியைச் சாய்க்க வேண்டும். துணிக்கும் மரப்பலகைக்கும் இதைவிட உறுதியான வழி ஒன்று கிடைத்தது. ஜெராக்ஸ் கடையில் ஓ.எச்.பி. ஷீட் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள் ஒன்று வாங்கி விரலகலப் பட்டைகளாக வெட்டி, பட்டையின் நுனியில் வண்ணத்தைத் தடவி, நேராகத் துணியின் மேலேயே வைத்துவிடுவது. பொருளின் மேல் விழும் அதே வெளிச்சம் வண்ணத்தின் மேலும் விழுவதால் ஊகத்துக்கு இடமில்லை. வேட்டியின் நிழலுக்கு நான் கலந்த நீலச்சாம்பலை இப்படி வைத்தபோது, அது துணியின் மேல் சுண்ணாம்புத் திட்டுப்போல எடுபட்டு நின்றது. மூன்று முறை அம்பரும் அல்ட்ராமரின் நீலமும் கூட்டிய பிறகே துணிக்குள் அடங்கியது.

பேலட்டும் பலகையும்கூடக் கண்ணை ஏமாற்றுகின்றன. பழுப்பு மரப் பேலட்டில் நடுச்சாம்பல் வெளிறித் தெரியும், வெள்ளைப் பீங்கான் தட்டில் அதே சாம்பல் இருண்டு தெரியும். பட்டறையில் 10க்கு 12 அங்குலக் கண்ணாடியை விளிம்பு தேய்த்து வாங்கி, அடியில் 5ஆம் டோன் பூசிய தாளை வைத்துக்கொண்டேன். பலகைக்கும் அதே 5ஐ மெல்லப் பூசிக் காயவைத்தேன். வெள்ளை பிரைமரின் மேல் முதல் தீற்றல் எதுவாக இருந்தாலும் மிகவும் இருட்டாகத் தோன்றும், பயந்து வெள்ளையைக் கூட்டுவோம், முடிவில் படம் முழுவதும் வெளிறிவிடும். சாம்பல் பலகையில் அந்தப் பயம் இல்லை.

இப்போது சொம்பு. நாச்சியார்கோவிலில் வாங்கியது, புளி போட்டுத் தேய்த்தது. ஏற்பாடு: பின்னால் பழைய குடைத்துணி, கீழே மரப்பலகை, அதன்மேல் மடித்த வேட்டி, சொம்பு, அருகில் கத்தரிக்காயும் வெற்றிலையும். தனித்தனியே டோன் பொருத்தக் கற்றுக்கொண்டேன், இனி அப்படியே எடுத்துவைத்தால் போதும் என்று எண்ணி வரைந்த பலகை தோற்றது. வேட்டித் துணியை 9ஆகப் பொருத்தினேன். அது உண்மையிலேயே 9தான். அதன்பின் சொம்பின் கழுத்தில் பல்பு பிரதிபலிக்கும் ஹைலைட்டுக்கு வந்தபோது டியூபில் அதற்கு மேல் எதுவும் மிச்சமில்லை. டைட்டானியம் ஒயிட்டை அப்படியே வைத்தும் அது துணியோடு ஒன்றாகிப் போயிற்று. காய்ந்த எண்ணெய் வண்ணத்தில் மிக வெளிறியதற்கும் மிக இருண்டதற்கும் இடையே ஒளியளவில் சில பத்து மடங்குதான் வேறுபாடு. உலோகத்தில் மின்னும் விளக்கும் குடைத்துணியின் மடிப்பும் அதைவிடப் பன்மடங்கு விலகி நிற்கின்றன. எதிரே இருப்பதை அப்படியே பொருத்துவது இயலாத காரியம். இருக்கும் ஒன்பது படிகளை யாருக்கு எவ்வளவு என்று முதலில் பங்கிட்டுவிட்டு, அந்தப் பங்குக்குள் உறவுகளைப் பொருத்துவதுதான் வேலை.

அந்தத் தோற்ற பலகையைப் பார்த்த ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் ஹைலைட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "தம்பி, சொம்பு மஞ்சள்னு உங்களுக்கு யாரு சொன்னது? பக்கத்துல கெடக்குற துணியோட சேத்துப் பாருங்க. அதுல முக்கால்வாசி இருட்டுதான்" என்றார். கண்ணை மூடிப் பார்த்தேன். சொம்பின் வயிற்றில் குடைத்துணியின் கறுப்பு அகலமான பட்டையாக வளைந்து ஓடியது. அடிப்பாகத்தில் வேட்டி பிரதிபலித்து மங்கிய தவிட்டு நிறம் ஏறியது. மஞ்சள் என்று நான் எண்ணிய உடல் முழுவதும் அளவுகோலின் துளையில் 4, சில இடங்களில் 5. நான் அதை 7க்குத் தூக்கியிருந்தேன். மஞ்சள் டியூபை எடுத்தால் அது தானாகவே மேலே போய்விடும், ஏனென்றால் காட்மியம் எல்லோ போன்ற மஞ்சள்கள் முழுத் தீவிரத்தில் நிற்பதே 8ஐ ஒட்டித்தான்.

புதிய பலகையில், வண்ணத்தைத் தொடுமுன் தாளில் கட்டம் போட்டுப் பங்கீட்டை எழுதினேன். பின்துணிக்கு 2, மரப்பலகைக்கு 4, வேட்டியின் வெளிச்சத்துக்கு 7, அதன் நிழலுக்கு 4. கத்தரிக்காய்க்கு 2, வெற்றிலைக்கு 4. சொம்பின் உடலுக்கு 3 முதல் 5, அதில் வேட்டியின் பிரதிபலிப்புக்கு 6, மிக இருண்ட வளைவுக்கு 1. படத்தில் 8ஐயும் 9ஐயும் தொட உரிமை ஹைலைட்டுக்கு மட்டும். வேட்டியை 7க்கு இறக்கியபோது அழுக்கு வேட்டிபோல ஆகிவிடுமோ என்ற கவலை இருந்தது. சுற்றியிருப்பவை எல்லாம் அதே விகிதத்தில் இறங்கியிருந்ததால் அது வெள்ளையாகவே நின்றது.

இதன்பின் 12க்கு 16 அங்குலப் பலகையில், ஓர் அங்குலத் தட்டை பிரஷ்ஷால், முதலில் மிக இருண்டதையும் மிக வெளிறியதையும் ஒரு தீற்றல் வைத்து எல்லைகளை நிறுத்திவிட்டு, இடையில் உள்ளவற்றைத் திட்டுத் திட்டாக நிரப்பினேன். எல்லாத் திட்டுகளும் தத்தம் இடத்தில் உட்காரும்வரை எதையும் ஒன்றோடொன்று தேய்த்து இழைக்கவில்லை. முன்பெல்லாம் முதலிலேயே இழைத்துவிடுவேன்; இழைத்தால் எந்த டோன் தவறு என்று பிரித்துக் காண முடியாமல் போய்விடும். சொம்பின் உடலுக்கு மண்மஞ்சளான எல்லோ ஓக்கரும் பழுப்பான பர்ன்ட் அம்பரும், அதை இருட்டாக்க அல்ட்ராமரின். ஓக்கர் தனியாகவே 6ஐ ஒட்டி நிற்பதால், 4க்கு இறக்கும்போது அது மஞ்சளாகத் தெரிவதில்லை, பாசிபிடித்த பழுப்பாகத் தெரிகிறது. பேலட்டில் பார்த்தால் பித்தளை என்று யாரும் சொல்லமாட்டார்கள். பலகையில் 1க்கும் 6க்கும் நடுவில் வைத்தவுடன் அது உலோகமாயிற்று.

ஹைலைட்டில் கவனிக்க ஒன்று இருக்கிறது. கத்தரிக்காயின் தோல் விளக்கை அதன் சொந்த நிறத்திலேயே, அதாவது வெள்ளையாகவே திருப்பிக் காட்டுகிறது. பித்தளை அப்படியல்ல, அது எதைப் பிரதிபலித்தாலும் தன் மஞ்சளில் தோய்த்துத்தான் காட்டும். சொம்பின் வயிற்றில் தெரிந்த வேட்டி தவிட்டு நிறமாக இருந்ததும் அதனால்தான். ஆகவே கத்தரிக்காயின் மினுக்கத்தை நீலம் கலந்த சாம்பலில் 6ஆகவும், சொம்பின் ஹைலைட்டை டைட்டானியம் ஒயிட்டில் ஊசிமுனை அளவு காட்மியம் எல்லோ சேர்த்தும் வைத்தேன். கத்தியின் நுனியால் ஒரே தொடுதல், கழுத்தின் வளைவில், மறுமுறை தொடாமல். அதன் ஓரத்திலேயே 2ஆம் டோன் இருந்ததால் அந்தப் பொட்டு எரிந்தது.

காய்ந்தபின் அம்பர் அதிகமுள்ள இருட்டுகள் மறுபடியும் பூத்துப்போயின. எண்ணெய் தேய்த்துச் சரிசெய்தேன். செலவைப் பொறுத்தவரை, டியூப்களை நீக்கிவிட்டால், நான்கு ஹார்ட்போர்டு துண்டு, கண்ணாடி, கிரே கார்டு, பல்பும் ஹோல்டரும், ஓ.எச்.பி. ஷீட், எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்குள் அடங்கியது. டியூப்களில் வெள்ளை மட்டும் மற்ற எல்லாவற்றையும்விட மூன்று மடங்கு வேகத்தில் தீர்கிறது. பெரிய டியூபாக வாங்குவதே லாபம்.

அடுத்த முறை சிலவற்றை மாற்றுவேன். அளவுகோலை ஒரே பட்டையாகச் செய்யாமல் தனித்தனி அட்டைகளாகச் செய்தால், சந்தேகமான இடத்தின் அருகே 4ஐயும் 5ஐயும் மட்டும் கொண்டுபோய்ப் பிடிக்கலாம். வெற்றிலை ஒரு வேளைக்குள் வாடிக் கறுத்து, டோனே மாறிவிட்டது. நிறம் மாறாத பொருளாக, கொட்டைப்பாக்கோ கல்சட்டியோ வைப்பது நல்லது. பல்பைச் சற்றுத் தாழ்த்தி, சொம்பின் நிழல் வேட்டியின் மேல் இன்னும் நீளமாக விழவிட்டால், பெரிய இருட்டுத் திட்டு ஒன்று கிடைத்துப் படம் கட்டுக்கோப்பாகும்.

இன்னும் சரிவராதது வேட்டி மடிப்பின் உட்குழிவு. அங்கே துணியே துணியின் மேல் வெளிச்சத்தைத் திருப்பி விடுவதால், நிழலுக்குள் ஒரு மெல்லிய வெளிச்சம் ஏறுகிறது. அதை நான் இப்போதும் அரைப்படி கூடுதலாகவே வைக்கிறேன், அந்த இடம் நிழலிலிருந்து பிய்ந்து வெளியே வந்துவிடுகிறது. சொம்பு, கத்தரிக்காய் எதுவும் இல்லாமல், மடிப்பை மட்டும் 6க்கு 8 அங்குலப் பலகையில், 3க்கும் 5க்கும் இடைப்பட்ட டோன்களை மட்டும் வைத்து வரைந்து பார்க்கப் போகிறேன்.